சேனாபதி என்று யாரும் இல்லை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜர்னல் ஸ்கொயர் மூன்றாம் மாடி வீட்டில் இருந்தவர்கள்: வேலை போன சேனாபதி, வயது முப்பத்தொன்பது, அவன் மனைவி பவளம், ஆறு வயது மகள் கயல், எதிர்வீட்டு சுந்தரராமன் அங்கிள், தன் வீட்டிலிருந்தே எடுத்துவந்த காபி டம்ளரோடு, கலிபோர்னியாவில் சான் ரமோனிலிருந்து காலேஜ் நண்பன் சபரி, ஸ்பீக்கர் போனில். சபரிக்கு அங்கே காலை ஏழு மணி. பல் விளக்கிக்கொண்டே பேசினான்.

சேனாபதியின் வெப்சைட்டுக்குப் பேர் வைக்கத்தான் இத்தனை பேர் கூடியிருந்தார்கள்.

வேலை போனால் அறுபது நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி இவனுக்காக விசா மனு போட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும். முப்பத்தெட்டு நாள் போயிருந்தது. மனுவுக்கான தாள்களைத் தயார் செய்யவே இரண்டு வாரம் ஆகும் என்று வக்கீல் சொல்லிவிட்டாள். ஆகக் கையில் இருந்தது எட்டு நாள். நூற்று நாற்பது இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தான். பதில் வந்தவை ஒன்பது. ஒன்பதும் இயந்திரம் அனுப்பியவை.

மனிதக் குரல் என்று வந்தது ஒன்றே ஒன்று. சபரி வேலை பார்ப்பது மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் சின்ன கம்பெனி. அங்கே திரைகளை வடிவமைத்து எழுத ஓர் ஆள் வேண்டும். மேனேஜர் மெரிடித் ரெஸ்யூமே என்றாலே கையால் தொடமாட்டாள். எல்லா ரெஸ்யூமேயும் ஒரே ஆள் எழுதியது மாதிரி இருக்கிறதாம். அவள் கேட்டது இரண்டு. சொந்தமாகப் போட்ட ஒரு வெப்சைட்டின் லிங்க். வேலையைக் கூட இருந்து பார்த்த ஒருவரின் போன் நம்பர். திங்கட்கிழமை மதியத்துக்குள்.

சேனாபதியிடம் லிங்க் இல்லை. ஒன்பது வருஷம் நியூபோர்ட்டில் ஒரு பேங்குக்குக் கான்ட்ராக்டில் திரைகள் எழுதினான். அத்தனையும் பேங்கின் சுவருக்கு உள்ளே இருந்தது. வெளியே காட்ட ஒரு பட்டன்கூடக் கிடையாது.

"மச்சி, ஃபர்ஸ்ட் டொமைனை புக் பண்ணு," என்றான் சபரி. "பேர் இல்லாம எதையும் ஆரம்பிக்காதே."

"சேனாபதி கிட்டுசாமி டாட் காம் இருக்குதுடா. யாரும் எடுக்கல."

"அவ்ளோ நீளமா? மெரிடித் டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள ரிடையர் ஆயிடுவா."

கயல் சோபாவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். "டாடி, ஹூ இஸ் கிட்டுசாமி?"

"தாத்தா பேரு கண்ணு," என்றாள் பவளம்.

"தென் ஒய் இஸ் இட் தாத்தாஸ் வெப்சைட்?"

சபரி பேஸ்ட் நுரையோடு சிரித்தான். சுந்தரராமன் அங்கிள் டம்ளரைக் கீழே வைத்தார். "கொழந்தை கேக்கறது நியாயம்தானேப்பா. வேலை தேடறது நீ. போர்டு மட்டும் உங்கப்பா பேர்ல என்னத்துக்கு?"

சேனாபதி சிரிக்கவில்லை.

பாஸ்போர்ட் எடுக்கும்போது கோபிசெட்டிபாளையத்தில் ஓர் ஏஜென்ட் செய்த வேலை அது. படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்தது. நம் ஊரில் யாருக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பேரை அந்தக் கட்டத்தில் அடைத்தான் ஏஜென்ட். பேங்கில் முதல் நாள் கழுத்தில் மாட்டிய அட்டையில் 'கிட்டுசாமி, எஸ்' என்று வந்தது. டீமின் தலைவர் க்ளென் அதைப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நின்று, "கிட்டு?" என்றார். இவன் "யெஸ்" என்றான். திருத்த ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். முதல் நாள் பயத்தில் அந்த ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. பிறகு ஒன்பது வருஷமும் கிடைக்கவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் அப்பா செத்தபோது, போனால் திரும்பி வர விசா முத்திரை கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஊருக்குப் போகவில்லை. அடக்கம் நடந்த மறுநாள் காலை மீட்டிங்கில், "கிட்டு, ஆர் யூ தேர்?" என்று கேட்டார்கள். இருக்கிறேன் என்றான்.

இதை யாரிடமும் அவன் சொன்னதில்லை. பவளத்திடம்கூட. செத்துப்போன அப்பா பேரைச் சொல்லித்தான் ஆபீஸில் தன்னை வேலை ஏவுகிறார்கள் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் சொல்வது?

"சேனாபதின்னு மட்டும் போட்டுக்கறேன்," என்றான். "அப்பா பேர் வேண்டாம்."

"அப்படிச் சொல்லு," என்றார் அங்கிள்.

டாட் காமை எவனோ பல வருஷம் முன்பே பிடித்து வைத்திருந்தான். டாட் டெவ் காலியாக இருந்தது. பவளம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, டி-க்கு அப்புறம் ஒரு ஹெச் போடுங்க. இல்லாட்டி சேனாபட்டின்னு படிச்சு, ஏதோ ஊர் பேருன்னு நெனச்சுக்குவாங்க."

ஹெச் போட்டான். பேர் அவனுடையது ஆயிற்று. திரையில் தன் பேரை மட்டும் தனியாகப் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்தது. அதை அவன் நம்பியிருக்கக் கூடாது.

"இப்ப அடுத்தது," என்றான் சபரி. "எதுல கட்டப் போறே? கண்ணை மூடிட்டு ரியாக்ட்ல பண்ணு. கொஞ்சம் அனிமேஷன் விடு. ஸ்க்ரோல் பண்ணினா கார்டெல்லாம் பறந்து வரணும்."

"என்னத்துக்குப் பறக்கணும்?" என்றார் அங்கிள். "நான் தொண்ணூத்தாறுல வெறும் எச்டிஎம்எல்ல ஒரு பேஜ் போட்டேன். எங்காத்துக் கொலு போட்டோ. இன்னிக்கும் தெறக்கறது."

"அதை யார் அங்கிள் பாக்கறா?"

"நான் பாக்கறேன்."

"வேர்ட்பிரஸ்னு ஒண்ணு இருக்குதில்லீங்க," என்றாள் பவளம். "கயலோட டேகேர் மேடம் ரெண்டு மணி நேரத்துல அதுல போட்டுட்டாங்க. பூவெல்லாம் வெச்சு."

"தையக்காரன் வேலை கேட்டுப் போறப்ப ரெடிமேட் சட்டை போட்டுட்டுப் போகச் சொல்றியா?" என்றான் சேனாபதி. கொஞ்சம் கத்தலாகவே வந்தது. பவளம் அடுப்படிக்குப் போனாள். அங்கிள் டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சபரிக்குப் பல் விளக்கி முடிந்திருந்தது.

சபரி சொன்னபடியே சேனாபதி செய்தான். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தான். அடுத்தவர்கள் எழுதி வைத்த நிரல் மூட்டைகள் ஐம்பதை இறக்கி, ஒன்றன் தலையில் ஒன்றை ஏற்றினான். கார்டுகள் பறந்தன. எழுத்துகள் மங்கி வந்து தெளிந்தன. ஒன்பது வருஷமாக எந்த வேலையை மேனேஜர்கள் நேரமில்லை என்று தள்ளிவிட்டார்களோ அதையெல்லாம் செய்தான். சாயங்காலம் பார்த்தால், பறக்கிற கார்டுகள் இருந்தன. கார்டுக்குள் போட ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை பவளம் தன் போனில் திறந்து பார்த்தாள். நாலு வருஷப் பழைய போன்.

"வெள்ளையா இருக்குதுங்க," என்றாள். "இதுதான் டிசைனா?"

போனை வாங்கிப் பார்த்தான். வெற்றுத் திரை. ஐம்பது மூட்டையில் எதுவோ ஒன்று இன்னொன்றோடு சண்டை. ஒன்றைச் சரிசெய்தால் மூன்று உடைந்தது. மதியம் வரை தேடினான். பிறகு குளியலறைக்குள் போய்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். இருபத்து நாலு மணி நேரம் மிச்சம். நூற்று நாற்பது விண்ணப்பம், ஒரே ஒரு மனுஷி, அவளுக்குக் காட்ட ஒரு வெள்ளைத் திரை. வெளியே கயல் கதவைத் தட்டினாள். "டாடி, ஐ நீட் டு பீ." எழுந்து வந்தான்.

வந்தவன் எல்லாவற்றையும் அழித்தான். ஒரே ஒரு கோப்பு திறந்தான். வெறும் எச்டிஎம்எல். அங்கிள் சொன்னதற்காக இல்லை. வேறு எதற்கும் நேரமில்லை.

கை தானாக ஓடியது. பேங்குக்காக அவன் எழுதியவற்றில் அவனுக்கே பிடித்தது ஒன்று உண்டு: பணம் அனுப்பும் படிவத்தில் தேதியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி. கை நடுங்குகிற கிழவிகூடத் தப்பாக அமுக்க முடியாத மாதிரி, மவுஸ் தொடாமல் விசைப்பலகையாலேயே நகர்த்துகிற மாதிரி செய்திருந்தான். பேங்கிலிருந்து ஒரு வரிகூட எடுக்காமல், ஞாபகத்திலிருந்து, பொய்யான பேர்களும் பொய்யான தேதிகளும் போட்டு அதை மறுபடி எழுதினான். மேலே தன் பேர். கீழே நாலு வரி: நியூபோர்ட்டில் ஒரு பேங்கில் ஒன்பது வருஷம், இந்த மாதிரிப் படிவங்கள் எழுதினேன். அதற்கும் கீழே க்ளென்னின் பேரும் நம்பரும்.

நம்பரைக் கொடுக்கலாமா என்று க்ளென்னுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிக் கேட்டிருந்தான். பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. எப்போது வேண்டுமானாலும் கொடு, கிட்டு.

கண்ணில் பட்டது. மூளையில் படவில்லை. ஒன்பது வருஷமாகக் காதில் விழுந்து தேய்ந்த சத்தம் அது. மின்விசிறிச் சத்தத்தை யார் கவனிக்கிறார்கள்?

திங்கட்கிழமை லிங்க் போயிற்று. ஒரு மணி நேரத்தில் சபரியின் மெசேஜ்: மச்சி, அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. விரலை எடுக்கறதுக்குள்ள பேஜ் வந்துடுச்சுன்னு சொல்றா. உன் தேதிப் பெட்டியோட அரை மணி நேரம் விளையாடினா.

அன்று இரவு வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள். அதற்கு முந்திய ஒரு மாதம் சாப்பிட்டது கணக்கில் சேராது.

செவ்வாய் ஒன்றும் வரவில்லை. சேனாபதி போனை மேசையில் வைத்தான், சட்டைப் பையில் வைத்தான், மறுபடி மேசையில் வைத்தான். விசாவை விசிட்டராக மாற்றி மனுப் போட்டால் ஆறு மாதம் இழுக்கலாம் என்று யாரோ சொன்னதைப் பவளம் எடுத்தாள். சம்பளமில்லாமல் ஆறு மாதம் இந்த ஊரில் என்ன தின்பது என்று அவளே கேட்டு, அவளே விட்டுவிட்டாள்.

புதன் பகல் பதினொன்றரைக்கு சபரி கூப்பிட்டான். மச்சி என்று ஆரம்பிக்கவில்லை.

"சேனா, ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு. அந்த பேங்க்ல நீ நிஜமாவே வேலை பாத்தியா?"

"என்னடா பேசறே?"

"மெரிடித் நேத்து அந்த க்ளென்கிட்டப் பேசியிருக்கா. சேனாபதின்னு என் டீம்ல யாரும் இல்ல, அந்தப் பேரையே நான் கேட்டதில்லன்னு சொல்லிட்டாராம்."

சேனாபதி எழுந்து நின்றான். எதற்கென்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தான்.

"டேய். அங்க என் பேரு கிட்டு."

"என்னது?"

"கிட்டு. கிட்டுசாமில கிட்டு. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"ஒன்பது வருஷமாவா?"

"ஆமா."

"அடப்பாவி. சனிக்கிழமை இத்தனை பேர் உக்காந்து உனக்குப் பேர் வெச்சோமேடா. அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

"தோணலடா."

அதுதான் உண்மை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. தன் பேர் தனக்குத் தெரிந்தது மாதிரி உலகத்துக்கும் தெரியும் என்று எண்ணிவிட்டான். அந்த அறையில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன். அவனுக்குத் தோன்றவில்லை.

"இரு, நான் போய்ச் சொல்றேன்," என்று சபரி வைத்தான்.

சேனாபதி க்ளென்னைக் கூப்பிட்டான். மணி அடித்து நின்றது. நாள் முழுக்க மீட்டிங், நாளை நாலு மணிக்கு நேரில் வா என்று மெசேஜ் வந்தது. சும்மா உட்கார முடியவில்லை. கோப்பைத் திறந்தான். தன் பேருக்குப் பக்கத்தில், கிட்டு என்றும் அழைப்பார்கள் என்று சேர்த்தான். வெறும் எச்டிஎம்எல் அல்லவா, பத்து வினாடி வேலை. சனிக்கிழமை கட்டிய அந்தப் பறக்கும் கோபுரமாக இருந்திருந்தால் ஏற்றி முடிக்க அரை மணி ஆகியிருக்கும். அதற்குள் சபரி தடுத்திருப்பான்.

சபரி மறுபடி கூப்பிட்டபோது குரல் இறங்கியிருந்தது.

"ஏன்டா பேஜை மாத்தினே?"

"சரி பண்ணலாம்னு..."

"நான் அவ முன்னாடி நின்னு சொல்லிட்டிருக்கேன், அவனுக்கு அங்க வேற பேருன்னு. சரி பாக்கலாம்னு உன் பேஜைத் தெறக்கறா. என் கண்ணு முன்னாடி புதுசா ஒரு பேரு மொளச்சு நிக்குது. நேத்து இல்லாதது இன்னிக்கு இருக்கு. போன மாசம் ஒருத்தன் வீடியோவுல இன்டர்வியூ குடுத்தான், வேலைக்கு வந்து நின்னது வேற ஒருத்தன். அதுலேர்ந்து அவளுக்குப் பேய் புடிச்ச மாதிரி இருக்கு. மாட்டினப்புறம் பேரை மாத்தறவனை நான் எப்படி எடுக்கறதுன்னு கேக்கறா."

"நீ சொன்னா நம்ப மாட்டாளா? நாம ஒரே காலேஜ்தானேடா?"

"அதைத்தான் சொன்னேன். என்னையும் ஒரு மாதிரி பாக்கறா." சபரி தொண்டையைச் செருமினான். "என் கிரீன் கார்டும் இங்கதான் ஓடிட்டிருக்கு, சேனா. இதுக்கு மேல நான் பேச முடியாது."

பவளம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"மாமா பேரைச் சொல்லியா கூப்பிட்டாங்க?" என்றாள்.

தலையாட்டினான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க. சனிக்கிழமையே சொல்லியிருப்பேனே, ரெண்டு பேரையும் சேத்துப் போடுங்கன்னு." அழவில்லை. "ஹெச் போடுங்கன்னு சொல்லத் தெரிஞ்ச எனக்கு, இது தெரியாமப் போச்சு."

வியாழன் மூன்றரைக்கு ரயிலேறி நியூபோர்ட்டில் இறங்கினான். பேங்கின் கீழ்த்தளத்தில் காவலர் அவன் டிரைவிங் லைசன்ஸை வாங்கி, பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் கிட்டு என்று மட்டும் இருப்பதைப் பார்த்து முகம் சுளித்து, பிறகு மனமிரங்கி, கிட்டுசாமி என்று ஒரு ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார். சட்டையில் ஒட்டிக்கொண்டான்.

க்ளென் இறங்கி வந்தார். வழுக்கைத் தலை, அதே நீலச் சட்டை. கையைப் பிடித்துக் குலுக்கினார். "உனக்காகத்தான் காத்திருக்கிறேன் கிட்டு. இந்த வாரம் யாரும் கூப்பிடவே இல்லையே? கூப்பிட்டால் ஒரு மணி நேரம் உன் புகழ் பாடத் தயாராக இருந்தேன்."

"கூப்பிட்டார்கள்," என்றான் சேனாபதி. ஆங்கிலத்தில் சொன்னான். சொல்லும்போது தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "செவ்வாய்க்கிழமை. கலிபோர்னியாவிலிருந்து. சேனாபதி என்று கேட்டார்கள்."

க்ளென் யோசித்தார். யோசிப்பது முகத்தில் தெரிந்தது. இரண்டு மீட்டிங்குக்கு நடுவே வந்த போன். தெரியாத பேர். பொய்யாகப் பேர் கொடுத்து வேலை தேடுகிறவர்கள் பற்றி அதற்கு முந்தின வாரம்தான் எச்சரிக்கை வந்திருந்தது. அப்படி யாரும் இல்லை என்று சொல்லிப் போனை வைத்திருக்கிறார்.

"அது நீயா?"

"நான்தான்."

"உன் பேர் கிட்டு இல்லையா?"

"அது என் அப்பா பேரில் பாதி."

க்ளென் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நல்ல மனிதர். அங்கேயே நின்று போனை எடுத்து, மெரிடித்தைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார். தவறு தன்னுடையது என்றார். இவனைப் போல் திரை எழுதுகிறவனைத் தான் பார்த்ததில்லை என்றார். தேதிப் பெட்டியைப் பற்றிக்கூடச் சொன்னார். சேனாபதி இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, கோயிலில் நிற்பவனைப் போல் நின்றான்.

மெரிடித் முழுக்கக் கேட்டாள். "உங்களை நம்புகிறேன்," என்றாள். "அவரிடம் வருத்தம் சொல்லுங்கள். நேற்று மாலை இன்னொருவருக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டோம். அவர் சரி சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்தது ஓர் இடம்தான்." பிறகு, அந்தப் பெட்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது என்றாள். வைத்துவிட்டாள்.

எட்டு நாளில் மிச்சம் மூன்று. சேனாபதி தன் போனை எடுத்தான். பவளத்துக்கு எழுதினான்: ஊருக்கு டிக்கெட் பாரு. கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது. மூணு பேருக்குமா? ஆமாம் என்று எழுதினான்.

"இத்தனை வருஷத்தில் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே," என்றார் க்ளென். திட்டுவது மாதிரி இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "ஒரே ஒரு தடவை. நான் கற்றுக்கொண்டிருப்பேன்."

முதல் நாள் பயமாக இருந்தது. இரண்டாம் நாள் தாமதமாகிவிட்டது. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் முட்டாள்தனமாகத்தான் வரும். தமிழிலும் அப்படித்தான் வரும்.

"உன் பேருக்கு அர்த்தம் என்ன?" என்றார்.

"படைத் தலைவன்."

க்ளென் சிரிக்கப் பார்த்து, அவன் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "சே... சேன..." என்று முயன்றார். மூன்றாவது தடவை கிட்டத்தட்ட வந்தது. அதற்குள் அவர் மணிக்கட்டுக் கடிகாரம் அதிர்ந்தது. நாலரைக்கு மீட்டிங். "ஏதாவது வேண்டுமென்றால் எழுது," என்றார். "எதுவானாலும்." தோளைத் தட்டினார். அட்டையைக் கதவருகே காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போய், ஒருமுறை திரும்பிக் கை காட்டி, லிப்ட் பக்கம் நடந்தார். கண்ணாடிக் கதவு மெதுவாக நகர்ந்து வந்து அவருக்குப் பின்னால் மூடியது. விளக்கு சிவப்பாயிற்று. பூட்டு விழுந்தது.